பால்புட்டியும் பாலாடையும்

பாட்டியின் பழைய தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழுத்த துணிகளுக்கும் வெற்றிலைப் பெட்டிக்கும் இடையே, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறு கிண்ணம் கிடைக்கலாம். அதன் ஒரு பக்கம் மட்டும் மூக்குப் போல நீண்டு குவிந்திருக்கும். அதுதான் பாலாடை. சில ஊர்களில் இதைச் 'சங்கு' என்றே சொல்வார்கள். குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டு, அந்த மூக்கை உதட்டில் பொருத்திச் சிறிது சிறிதாகப் பால் புகட்டுவது வழக்கம்.

இன்று பல வீடுகளில் பாலாடையின் இடத்தைப் பால்புட்டி பிடித்துக்கொண்டது. குழந்தைக்குப் புட்டி வாங்கக் கடைக்குப் போகிறோம். என்ன பார்க்கிறோம்? நிறத்தைப் பார்க்கிறோம், மேலே அச்சிட்ட வாத்துப் படத்தைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'இதன் உட்புறம் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறதா? எல்லா இடத்துக்கும் பிரஷ் எட்டுமா?' என்பதே அது.

பாலாடை இந்தச் சோதனையில் எளிதாகத் தேறிவிடும். அதற்கு மூடியும் இல்லை, குழாயும் இல்லை, மறைவிடமும் இல்லை. புட்டியோ அப்படியன்று. இந்த ஒரு கேள்வியில் ஒரு குழந்தையின் உயிரே அடங்கியிருக்கக்கூடும். எப்படி என்று பார்ப்போம்.

புட்டி யாருக்குத் தேவை?

பிறந்த குழந்தைக்கு முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே போதும். தண்ணீர்கூடத் தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதன் பிறகும் மற்ற உணவுகளோடு சேர்த்து 2 வயது வரையிலும், அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம். தாய்ப்பாலில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் இருக்கின்றன. அவை குழந்தையின் குடலின் உட்சுவரைக் காக்கின்றன. இவை தவிர, எளிதில் நம் கவனத்துக்கு வராத இன்னொரு சிறப்பும் தாய்ப்பாலுக்கு உண்டு. அது பாத்திரம் எதிலும் படாமல் நேரே குழந்தையின் வாய்க்குச் செல்கிறது. எனவே இடையில் தண்ணீராலோ கழுவாத பாத்திரத்தாலோ கெட்டுப்போக வாய்ப்பே இல்லை.

ஆயினும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. தாயை இழந்த குழந்தைகள் இருக்கின்றன. தத்தெடுக்கப்பட்ட குழந்தைகள் இருக்கின்றன. புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளும் தாய் பால் கொடுக்க முடியாது. ஆலைக்கோ அலுவலகத்துக்கோ திரும்பிய தாய், தம் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போக நேரலாம். இவர்களைக் குறை கூறுவதால் குழந்தைக்கு ஒரு பயனும் இல்லை. பாதுகாப்பான வழி எது என்று அறிந்து சொல்வதுதான் பயன் தரும்.

மூவாயிரம் ஆண்டுக் கதை

தாய்ப்பால் அல்லாத பாலைக் குழந்தைக்குப் புகட்டும் வழக்கம் மிகப் பழையது. ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில், வெண்கலக் காலத்தையும் இரும்புக் காலத்தையும் சேர்ந்த குழந்தைகளின் கல்லறைகளில் மூக்கு வைத்த சிறு மண்கலங்கள் கிடைத்தன. அவற்றுள் மூன்றின் சுவரில் ஊறியிருந்த கொழுப்பை ஆய்வாளர்கள் பகுத்தாய்ந்து, 2019ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டனர். அது பசு, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளின் பாலிலிருந்து வந்த கொழுப்பு! நம் பாலாடைக்கு ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட உறவினர் இவை எனலாம்.

புட்டியில் பெரிய மாறுதலைக் கொண்டுவந்தது ரப்பர். 1845இல் நியூயார்க்கைச் சேர்ந்த எலைஜா பிராட் என்பவர் ரப்பர் நிப்பிளுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பு தோல், துணி, பசுவின் பதப்படுத்திய காம்பு ஆகியவற்றைக்கூடப் புட்டியின் வாயில் கட்டிப் பயன்படுத்தினர்.

ரப்பர் வந்ததும் ஐரோப்பாவில் ஒரு புதுவகைப் புட்டி பரவியது. கண்ணாடிக் குப்பியிலிருந்து நீண்ட ரப்பர்க் குழாய் ஒன்று புறப்படும். அதன் நுனியில் நிப்பிள் இருக்கும். தொட்டிலில் கிடக்கும் குழந்தை தானே உறிஞ்சிக் குடித்துக்கொள்ளும். யாரும் புட்டியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எவ்வளவு வசதி! அரச குடும்பத்துப் பெண்களின் பெயர்களையெல்லாம் சூட்டி இவற்றை விற்றார்கள்.

ஆனால் அந்தக் குழாயின் உட்புறத்தைக் கழுவுவது எப்படி? யாராலும் முடியவில்லை. குழாய்க்குள் தங்கிய பால் திரிந்தது, புளித்தது, நோய்க்கிருமிகள் பெருகின. கழுவ வேண்டும் என்ற எண்ணமும் அன்று பரவலாக இல்லை. 1861இல் இங்கிலாந்தில் நூலாக வெளிவந்து புகழ்பெற்ற இசபெல்லா பீட்டனின் குடும்ப நிர்வாக நூல், புட்டியில் காம்பை ஒரு முறை பொருத்திவிட்டால் புதியது மாற்றும் வரை கழற்ற வேண்டியதில்லை என்று யோசனை கூறியது! நோய்களுக்குக் கிருமிகள் காரணம் என்பது அன்று நிலைநாட்டப்படவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இப்புட்டிகளுக்குப் பின்னாளில் 'கொலைப் புட்டி' என்ற பெயரே ஏற்பட்டது. 1910இல் பிரான்சு நாடு சட்டம் இயற்றிக் குழாய்ப் புட்டிகளின் விற்பனையைத் தடை செய்தது. 1890களிலேயே லண்டனின் ஆலன் அண்டு ஹான்பரிஸ் நிறுவனம் இரண்டு முனைகளிலும் திறப்புள்ள, படகு வடிவப் புட்டியைக் கொண்டுவந்திருந்தது. ஒரு முனையில் தண்ணீரை விட்டால் மறுமுனையில் வழிந்தோடும். புட்டியின் வரலாற்றில் உண்மையான முன்னேற்றம் இதுதான்: மூலை முடுக்குகள் குறைந்தன.

ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக

கழுவாத ஒரு மூலையில் என்ன நடக்கிறது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

குடலில் வாழும் ஈ. கோலி போன்ற பாக்டீரியா, நல்ல உணவும் நம் உடலின் வெப்பமும் கிடைத்தால் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிளக்கிறது. பால் அதற்கு நல்ல உணவு. நம் ஊர்க் கோடை வெப்பமும் அதற்கு ஏற்றதே. நிப்பிளின் மடிப்பில் 10 பாக்டீரியாக்கள் மட்டும் தப்பிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். 1 மணி நேரத்தில் அவை 80 ஆகும். 3 மணி நேரத்தில் 5,120 ஆகும். 6 மணி நேரத்தில் 26 லட்சத்தைத் தாண்டிவிடும்! இது மிகச் சாதகமான நிலைமைக்கான கணக்கு. உண்மையில் வேகம் சற்றுக் குறையலாம். ஆனால் காலையில் கலக்கிய பாலை மதியம் கொடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இக்கணக்கில் இருக்கிறது.

பெரியவர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் இரண்டு நாள் சோர்வோடு போய்விடும். சில கிலோ எடையே உள்ள குழந்தைக்கு அப்படியன்று. உடலில் உள்ள நீரும் உப்பும் விரைவில் வெளியேறிவிடுகின்றன. கண் குழிவது, சிறுநீர் குறைவது, பால் குடிக்க மறுத்துத் துவள்வது ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கைவைத்தியம் பார்த்துக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

எந்தப் புட்டியை வாங்கலாம்?

இப்போது கடைக்குத் திரும்புவோம். நம் கேள்வியோடு புட்டிகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்போம்.

முதலில் வடிவம். வாய் அகன்றதாக, உட்சுவர் நேராக, அடிப்பகுதி வளைவாக இருக்கும் புட்டி நல்லது. யானை, முயல் வடிவில் நெளிவு சுளிவோடு செய்தவை பார்க்க அழகானவை. அந்த நெளிவுகளில்தான் பால் தங்கும். கைப்பிடி, உள்குழாய், வால்வு என்று பாகங்கள் பெருகப் பெருகக் கழுவும் வேலையும் பெருகும். வயிற்றில் காற்றுப் புகாமல் தடுக்கும் என்று சொல்லி உள்ளே குழாய் வைத்த புட்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றை வாங்குவதென்றால் அந்தக் குழாய்க்கு ஏற்ற மெல்லிய பிரஷும் வேண்டும். ஒவ்வொரு முறையும் அதைக் கழுவும் பொறுமையும் வேண்டும்.

அடுத்து, புட்டி செய்த பொருள். கண்ணாடியில் கீறல் எளிதில் விழாது. அழுக்கு இருந்தால் தெரிந்துவிடும். எத்தனை முறை கொதிக்க வைத்தாலும் மாறாது. கனமும், கீழே விழுந்தால் உடைவதும் அதன் குறைகள். சாதாரணக் கண்ணாடியில் கொதிநீர் ஊற்றினால் சில வேளை விரிசல் விடும். உட்புறம் சட்டென விரிய, வெளிப்புறம் விரியாமல் நிற்பதே காரணம். போரோசிலிக்கேட் கண்ணாடி சூட்டில் விரிவது சாதாரணக் கண்ணாடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே அது சூட்டை நன்றாகத் தாங்கும்.

பிளாஸ்டிக் புட்டி இலேசானது; உடையாது. முன்பு இதற்குப் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தினர். அதிலிருந்து பிஸ்பினால்-ஏ என்ற வேதிப்பொருள் பாலில் கசியக்கூடும். அது உடலில் ஹார்மோன் போலச் செயல்படக் கூடியது. எனவே ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் குழந்தைப் புட்டிகளில் அதைத் தடை செய்தது. 2015இல் வெளியான இந்தியத் தர விதியும் அதை விலக்கியது. இப்போது பெரும்பாலும் பாலிப்புரோப்பிலீன் புட்டிகளே வருகின்றன. இதிலும் கவனம் தேவை. அயர்லாந்தின் டப்ளினில் உள்ள டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, இப்புட்டிகளில் சூடான நீரை ஊற்றிக் குலுக்கும்போது லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் வரை நுண்பிளாஸ்டிக் துகள்கள் நீரில் சேர்கின்றன. சூடு ஏற ஏறத் துகள்களும் ஏறுகின்றன. இவை குழந்தைக்கு என்ன தீங்கு செய்யும் என்பதை அறிவியல் இன்னும் முடிவாகக் கூறவில்லை. ஆனால் தவிர்க்க எளிய வழி இருக்கிறது. அதைப் பின்னர்க் காண்போம். கீறல் விழுந்து மங்கிப்போன பிளாஸ்டிக் புட்டியை வைத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு கீறலும் கிருமிக்கு ஒரு வாய்க்கால்.

எவர்சில்வர் புட்டிகளும் கிடைக்கின்றன. அவை உறுதியானவை; வாய் அகன்றிருந்தால் கழுவவும் எளியவை. பால் எவ்வளவு இறங்கியது என்று வெளியிலிருந்து தெரியாது என்பது மட்டுமே குறை.

மூன்றாவது, நிப்பிள். பழுப்பு நிற ரப்பர் நிப்பிள் மென்மையானது. ஆனால் கொதிக்கக் கொதிக்கப் பிசுபிசுத்து ஊதிவிடும். சிலிக்கோன் நிப்பிள் நிறமற்றது. சூட்டை நன்கு தாங்கும். எதுவானாலும் வெடிப்போ பிசுக்கோ தெரிந்தால் உடனே மாற்றிவிட வேண்டும். துளையின் அளவும் முக்கியம். புட்டியைக் கவிழ்த்தால் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு சொட்டு விழ வேண்டும். தாரையாக ஊற்றினால் குழந்தைக்குப் புரையேறும். ஒன்றுமே விழாவிட்டால் குழந்தை களைத்துப்போகும். ஊசியைச் சுட்டுத் துளையைப் பெரிதாக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது வேண்டாம். துளை எவ்வளவு பெரிதாகும் என்பது நம் கையில் இல்லை. கிழிந்த ரப்பர்த் துணுக்கும் குழந்தையின் தொண்டைக்குப் போகலாம்.

கடைசியாக ஒன்று: ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பால்புட்டியை இந்தியாவில் விற்பதே சட்டப்படி குற்றம்.

கழுவும் முறை

கழுவாமல் கொதிக்க வைத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. பாலில் உள்ள சில புரதங்கள் சூடு பட்டதும் இறுகி ஒட்டிக்கொள்ளும். பால் காய்ச்சிய பாத்திரத்தின் அடியை நினைத்துப் பாருங்கள்! அந்தப் படலத்தின் கீழே கிருமிகள் ஒளிந்துகொள்கின்றன. எனவே வரிசை மாறக் கூடாது.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தை குடித்து முடித்தவுடனே புட்டி, நிப்பிள், திருகுமூடி எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். பிறகு சுடுநீரும் சோப்பும் சேர்த்து, இதற்கென்றே வைத்திருக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். நிப்பிளை உள்வெளியாகத் திருப்பித் தேயுங்கள். துளை வழியாக நீரைப் பீய்ச்சிப் பாருங்கள். திருகுமூடியின் மரைகளை மறக்க வேண்டாம். பலரும் மறக்கும் இடம் அதுதான்.

அதன் பிறகே கொதிக்க வைப்பது. எல்லாப் பாகங்களும் முழுவதும் மூழ்கும்படி பாத்திரத்தில் நீர் இருக்க வேண்டும். புட்டிக்குள் காற்றுக் குமிழ் தங்கினால் அந்த இடத்தைக் கொதிநீர் தொடாது. ஆகவே புட்டியைச் சாய்த்துக் காற்றை வெளியேற்றிவிட வேண்டும். நீர் தளதளவெனக் கொதிக்கத் தொடங்கிய பின் 10 நிமிடம் விடுங்கள். சுத்தமான இடுக்கியால் எடுங்கள். துணியால் துடைக்காதீர்கள், துடைக்கும் துணியே கிருமியை மீண்டும் கொண்டுவந்துவிடும்.

பால் கலக்கும் முறை

பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலைக் கொடுப்பதானால் கலக்கும் வேலை இல்லை. 25 டிகிரி வரை வெப்பமுள்ள அறையில் 4 மணி நேரம் அது கெடாது. நம் கோடையில் அதற்கும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

பால் பவுடர் என்றால் இரண்டு செய்திகளை அறிய வேண்டும். டின்னில் அடைத்த பவுடர் கிருமியே இல்லாதது என்று பலரும் எண்ணுகிறார்கள். அது தவறு. குரோனோபாக்டர், சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் உலர்ந்த பவுடரிலும் உயிரோடிருக்கக்கூடும். இதனால்தான் 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத நீரில் கலக்குமாறு உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் 2007இல் வழிகாட்டின. வெப்பமானி தேவையில்லை. நீரைக் கொதிக்க வைத்து இறக்கி, அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல் கலந்தால் போதும்.

பிளாஸ்டிக் புட்டி வைத்திருப்பவர்கள் இந்தச் சூடான நீரைப் புட்டியில் ஊற்ற வேண்டாம். கொதிக்க வைத்துச் சுத்தம் செய்த எவர்சில்வர் டம்ளரிலோ கண்ணாடிக் குவளையிலோ பாலைக் கலக்குங்கள். டம்ளரைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, பிறகு புட்டியில் ஊற்றுங்கள். கிருமியும் ஒழியும், பிளாஸ்டிக் துகளும் குறையும். மணிக்கட்டின் உட்புறம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் சூடு தெரியாமல் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

இரண்டாவது செய்தி அளவு. டின்னுடன் வரும் கரண்டியால் தலை தட்டி, டின்னில் குறித்தபடியே அளக்க வேண்டும். டின் பத்து நாள் கூடுதலாக வரட்டும் என்று தண்ணீரை மிகுத்தால், குழந்தையின் வயிறு நிறையும், உடல் தேறாது. நன்றாக வளரட்டும் என்று பவுடரை மிகுத்தால், உப்பும் புரதமும் அளவுக்கு மீறிச் சிறுநீரகத்துக்குச் சுமையாகும். கலக்கிய பாலை 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். குழந்தை குடித்து மீந்ததை எடுத்து வைக்கக் கூடாது. உமிழ்நீரோடு வாயின் கிருமிகளும் அதில் கலந்திருக்கும்.

புகட்டும் முறை

குழந்தை பாலை உறிஞ்சும்போது புட்டிக்குள் காற்றழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று உள்ளே புகாவிட்டால் நிப்பிள் சப்பிப்போய்ப் பால் வராது. நிப்பிளின் விளிம்பில் உள்ள சிறு காற்றுத்துளை இதற்காகவே. மூடியை மிக இறுக்கித் திருகினால் அந்தத் துளை அடைபடும்.

குழந்தையைத் தலை உயர்ந்திருக்கும்படி மடியில் சாய்த்துக்கொள்ளுங்கள். புட்டியை ஏறத்தாழக் கிடையாகப் பிடித்தால் பால் மெல்ல வரும்; நிப்பிள் மட்டும் பாலால் நிறைந்திருக்க வேண்டும். இடையிடையே நிறுத்தி, தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்யுங்கள். குழந்தை முகத்தைத் திருப்பினால் போதும் என்று பொருள்; மீதியைத் திணிக்க வேண்டாம். தலையணையில் புட்டியை முட்டுக் கொடுத்துவிட்டு எழுந்து போவது, அந்தக் குழாய்ப் புட்டிக் காலத்துக்கே திரும்பிப் போவதாகும். புரையேறினால் கவனிக்க ஆள் இருக்காது. புட்டியோடு தூங்கும் பழக்கம் முளைத்த பல்லையும் சொத்தையாக்கும்.

மீண்டும் பாலாடை

1939இல் சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், இனிப்புச் சேர்த்த டின்பாலைக் குழந்தை உணவாக விற்பதைக் கண்டித்து, 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் உரையாற்றினார். உலகம் அவர் சொன்னதைக் கேட்கப் பல ஆண்டுகள் ஆயின. 1981இல் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனை முறைகளுக்கு விதிகளை வகுத்தது. இந்தியா 1992இல் தனிச்சட்டமே இயற்றி, பால் பவுடருக்கும் பால்புட்டிக்கும் விளம்பரம் செய்வதைத் தடுத்தது. தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுப்பதையும் தடுத்தது. 2003இல் அச்சட்டம் மேலும் இறுக்கப்பட்டது.

இதற்கிடையே மருத்துவமனைகளில் பாலாடைக்குப் புதுவாழ்வு கிடைத்திருக்கிறது. எடை குறைந்து பிறந்த குழந்தைகளில் பலவற்றுக்குத் தாயின் மார்பில் உறிஞ்சிக் குடிக்கும் வலிமை இருப்பதில்லை. தாய்ப்பாலைப் பீய்ச்சி, கிண்ணத்தாலோ கரண்டியாலோ பாலாடையாலோ புகட்டுவதையே மருத்துவர்கள் விரும்புகின்றனர். ஆங்கில மருத்துவ ஏடுகளும் இதைப் 'பாலாடை' என்ற நம் பெயராலேயே குறிப்பிடுகின்றன! பாலாடையையும் கழுவிக் கொதிக்க வைக்கத்தான் வேண்டும். பாலை வாயில் ஊற்றிவிடாமல், குழந்தை தானே நக்கி விழுங்க நேரம் தர வேண்டும். பழைய பித்தளைப் பாலாடையை நினைவுப் பொருளாக வைத்துக்கொண்டு, எவர்சில்வரில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு டம்ளரில் குடிக்கப் பழக்கத் தொடங்கிவிடலாம். ஒரு வயதையொட்டிப் புட்டிக்கு விடை கொடுத்துவிடலாம்.

அதுவரை புட்டிதான் என்று முடிவு செய்தவர்கள், அடுத்த முறை அதைக் கழுவிய பின் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். அடி வளைவு, கழுத்து, மூடியின் மரை, நிப்பிளின் மடிப்பு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எங்காவது ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறதா? தெரிந்தால், இன்னொரு முறை பிரஷ்ஷை எடுங்கள்.